ரெஜினா வைத்துவிட்டுப் போன கறுப்பு போன்

ரெஜினா போய்விட்டாள் என்ற செய்தி, அவளே என் மேசையில் கொண்டுவந்து வைத்த கறுப்பு போனில்தான் வந்தது. காலையில் புறநோயாளிச் சீட்டுக்குக் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். எடுத்தேன். "இசக்கி அக்காவா? உவரியிலருந்து கில்பர்ட் பேசுதேன்" என்றான் அவள் தம்பி. அந்தக் குரலே போதுமாக இருந்தது. "எப்பம்லே?" என்று மட்டும் கேட்டேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் என்றான். எதிரே சீட்டு வாங்க நின்ற அம்மா, "என்னளா, முகம் ஒரு மாதிரி ஆயிட்டு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

நம் ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை என்று நம் ஆஸ்பத்திரி மலர் போடும் குழுவில் சொன்னார்கள். எனக்கு வராது. என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவள். என்னோடு சண்டை போட்டவள், என் டிபன் பாக்ஸைத் திறந்து கேட்காமல் தின்றவள். அவளைப் போய் அவர் இவர் என்றால் அவளே எழுந்து வந்து, "யாருக்கா அது, செத்துப்போன புது ஆளு?" என்று கேட்பாள்.

அவள் வருவதற்கு முன்னால் நம் போன்கள் இருந்த நிலை பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். நிர்வாகம் பழைய எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டு இன்டர்நெட் வழியாகப் பேசும் போன்களை வைத்தது. செலவு குறைவு, வசதி அதிகம் என்றார்கள். சில மாதத்தில் வார்டு போன்கள் தாமாக அடிக்க ஆரம்பித்தன. எடுத்தால் மறுபக்கம் மூச்சுச் சத்தம்கூடக் கிடையாது. ஆண்கள் வார்டில் படுத்திருந்த ஒரு தாத்தா, "எமன்தாம்ட்டி போன் போடுதான், ஒருத்தரும் எடுக்காதிய" என்று நர்ஸ்களைத் தடுத்தார். சிரித்தோம். அடுத்த வாரம் சிரிக்க முடியவில்லை.

எங்கேயோ இருந்த திருடர்கள் நம் போன் அமைப்புக்குள் புகுந்து, நம் லைன்களிலேயே ஊர் பேர் தெரியாத வெளிநாட்டு எண்களுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லா லைனும் அவர்கள் கையில். அந்த வாரம் ஒரு மத்தியானம் ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தோட்டத்தில் ஒரு கூலிக்காரரைக் கண்ணாடிவிரியன் கடித்தது. அவர் பெண்சாதி நம் ஆம்புலன்ஸ் எண்ணைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். எப்போது போட்டாலும் எங்கேஜ். கடைசியில் வாழைத்தார் ஏற்றும் வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. "உங்க ஆளுக அப்படி யாருகிட்டம்மா பேசிக்கிட்டு இருந்திய?" என்று என்னிடம் கேட்டாள் அந்தப் பெண்.

அதற்குப் பிறகுதான் போன் அமைப்பைப் பார்த்துக்கொள்ள ரெஜினாவை வேலைக்கு எடுத்தார்கள். உவரியில் கட்டுமரம் ஓட்டியவர் மகள். வந்த அன்றே வார்டு வார்டாகப் போய் ஒவ்வொரு போனையும் எடுத்துப் பார்த்தாள். பாஸ்வேர்டு என்னவென்று நர்ஸைக் கேட்டாள். படுக்கை எண்தான் பாஸ்வேர்டு என்று அந்தப் பிள்ளை பெருமையாகச் சொன்னது. ரெஜினா தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல காலம், கதவுல கோலம் போட்டு வாங்கன்னு எழுதி வைக்கலை" என்றாள்.

அவள் செய்ததை எனக்குப் புரிகிற மாதிரிதான் சொல்லியிருந்தாள். தப்பான பாஸ்வேர்டைப் போட்டுத் திரும்பத் திரும்பத் தட்டுகிறவன் எந்த இன்டர்நெட் முகவரியிலிருந்து வந்தாலும், போன்களை நடத்தும் சர்வர் இயந்திரமே அந்த முகவரிக்குக் கதவைச் சாத்திவிடும். அதோடு, உலகத்தில் இப்படி அடிபட்டவர்கள் எல்லாரும் தங்களைத் தாக்கியவர்களின் முகவரிகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம் இயந்திரம் மணிக்கொரு தரம் அதை வாங்கி, அந்த முகவரிகளுக்கும் முன்கூட்டியே கதவைச் சாத்தும். நம்மிடம் அகப்பட்டவனை அங்கே சொல்லியும் விடும். "ஒரு ஊர்ல களவாண்டவன் படத்த எல்லா ஊரு ஸ்டேஷன்லயும் ஒட்டுதாங்கள்ல, அதாம்க்கா" என்றாள். ஒரே வாரத்தில் போன்கள் அமைதியாகிவிட்டன. எமன் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். நிர்வாக அதிகாரி அவளுக்குச் சால்வை போட்டார். அந்தச் சால்வையைச் சர்வர் அறையின் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இனி எழுதப்போவது உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். தப்பாகவும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரைச் சேர்த்தால், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு நாம் ஒரு போன் கணக்கும் பாஸ்வேர்டும் கொடுப்போம். தன் செல்போனில் நம் ஆப்பைப் போட்டு அந்தக் கணக்கில் நுழைந்தால், படுக்கைக்குப் பக்கத்தில் உள்ள போனில் செலவில்லாமல் பேசலாம். வளைகுடாவில் சில இடங்களில் வாட்ஸாப்பில் பேச விடமாட்டார்கள். ஆகவே வளைகுடாவில் பிள்ளைகள் உள்ள காயல்பட்டினத்துக்காரர்களுக்கு அது பெரிய உதவி. உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வீட்டாருக்கும் அதை விட்டால் வேறு வழி கிடையாது.

சாகுல் என்ற பையனின் உம்மாவை அப்படித்தான் சேர்த்திருந்தார்கள். பையன் என்கிறேன், முப்பது வயது ஆள். மூத்த மகன். வளைகுடாவில் தொழிலாளர் முகாமில் இருந்தான். முதல் இரண்டு நாளும் உம்மாவோடு பேசினான். மூன்றாம் நாள் டாக்டர் கையை விரித்துவிட்டார். கூடப்பிறந்த பாத்திமா படுக்கைப் பக்கம் நின்றாள். நர்ஸ் பிள்ளை போனை நகர்த்தி அந்த அம்மாவின் தலைமாட்டில் வைத்து, அடித்ததும் எடுக்கத் தயாராக நின்றது. "சாகுல் பேசுதானா? சாகுல் பேசுதானா?" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். போன் அடிக்கவே இல்லை.

அங்கே அவன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். இங்கே கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவை ஒருவன் திரும்பத் தட்டினால், அவன் விடாக்கண்டன் என்று இயந்திரம் பூட்டும் நேரத்தை இன்னும் கூட்டும். அவன் கூப்பிடக் கூப்பிடப் பூட்டு இறுகியது. கடைசியில் முகாமுக்கு வெளியே ஓடி, கடையில் காசு போட்டு, சாதாரண போனில் நம் பொது எண்ணைப் பிடித்தான். அதை எடுத்தவள் நான். "அக்கா, உம்மாகிட்ட ஒரு வார்த்தை" என்றான். உடனே மேலே இணைத்தேன். நர்ஸ் பிள்ளை எடுத்தது. எனக்குக் கேட்டது நர்ஸின் அழுகைதான். அந்த அம்மா அப்போதுதான் மவுத்தாகியிருந்தார்கள். அன்று சாயங்காலமே ஊரில் அடக்கிவிட்டார்கள்.

மறுநாள் ரெஜினா என்னைச் சர்வர் அறைக்குக் கூப்பிட்டாள். சால்வை கீழே கிடந்தது. "அந்த முகாமை உலகத்துக்கெல்லாம் எதிரின்னு எந்த நாசமாப் போவான் சொல்லிக் குடுத்தாம்னு தேடிக்கிட்டு இருந்தேன்க்கா" என்றாள். "கண்டுபிடிச்சியா?" என்றேன். "நாமதாங்க்கா சொல்லியிருக்கோம்" என்றாள்.

நடந்தது இது. நோயாளி வீட்டுக்குப் போனதும், அல்லது ஒரேயடியாகப் போனதும், நாம் கணக்கை அழித்துவிடுவோம். ஆனால் அங்கே பிள்ளைகள் ஆப்பை அழிப்பதில்லை. அடுத்தவன் வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் உதவும் என்று ஒருத்தனுக்கொருத்தன் கணக்கைச் சொல்லிக் கொடுத்து, பல பேர் போனில் போட்டு வைத்திருந்தார்கள். வாப்பா குரலைக் கடைசியாக அதில்தான் கேட்டேன், அதை எப்படி அழிக்க என்று ஒருவன் சொன்னானாம். அந்த ஆப் சட்டைப்பையில் கிடந்தபடியே, செத்துப்போன பாஸ்வேர்டை வைத்து நம் கதவைத் தானாகத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. முகாம் முழுக்க வெளியே தெரிவது ஒரே முகவரியாக. ஒரே இடத்திலிருந்து ஓயாமல் தப்புப் பாஸ்வேர்டு. இயந்திரம் என்ன நினைக்கும்? அந்த மூன்றாம் நாள் சாத்தியது, உலகத்துக்கும் சொன்னது. சாகுல் சரியான பாஸ்வேர்டோடு அதே முகவரியிலிருந்து வந்தான். அவன் கையில் இருந்த சாவியை யாரும் பார்க்கவில்லை. நம் நோயாளிகளின் பிள்ளைகளைத்தான் எதிரிகள் என்று சொல்லி வைத்திருந்தோம்.

"மெஷின் செஞ்சதுக்கு நீ என்னட்டி செய்வ?" என்றேன். என் வாயில் வந்தது அதுதான். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மெஷினுக்கு வெக்கம் கிடையாதுக்கா. நாமதாம் படணும்" என்றாள்.

அவள் காயல்பட்டினம் போகத்தான் வேண்டும் என்றாள். நிர்வாக அதிகாரி வேண்டாம் என்றார், வழக்கு வரும் என்றார். இவள் கேட்கிற ஆளா? துணைக்கு நானும் போனேன். சாகுல் விமானம் பிடித்து வந்திருந்தான். உம்மாவை அடக்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. எங்களை உட்காரச் சொன்னார்கள், பாத்திமா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ரெஜினா சுற்றி வளைக்கவில்லை. ஆப், முகாம், பூட்டு எல்லாவற்றையும் சொல்லி, "நான் வச்ச பூட்டுதாம் தம்பி. பிழை எம்பேர்ல. பொறுத்துக்கிடணும்" என்றாள்.

சாகுல் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "எங்க ஊர்ல மையத்தைத் தூக்கிட்டுப்போயி அடக்கதுக்கு முன்னால மூத்த மகன் எந்திரிச்சு நிக்கணும். எங்க உம்மா யாருக்காவது பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்கிடுங்கன்னு சபையில கேக்கணும். போனுல நின்னாவது கேக்கலாம்னு இருந்தேன். அந்நேரம் ஏர்போர்ட்டுல கெடந்தேன். எம் மச்சான்தான் கேட்டாவ. எங்க உம்மாவுக்காக நான் கேக்க வேண்டியத நான் கேக்கலை. இப்பம் நீங்க வந்து எங்கிட்ட கேக்கியளா?" என்றான். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டான். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ஆத்தூர்ப் பாலம் தாண்டியது. "அவன் பொறுக்க மாட்டாம்க்கா" என்றாள் ரெஜினா.

தானாகச் சாத்தும் ஏற்பாட்டையே எடுத்துவிடச் சொன்னார் அதிகாரி. கூட்டத்தில் அவள் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எடுத்தா மறுபடியும் வாழைத்தோட்டத்துல ஒருத்தன் பாம்பு கடிச்சுக் கெடப்பான், லைன் கெடைக்காது. வச்சா ஒரு உம்மா மகன் குரல் கேக்காமச் சாவா. ரெண்டுல எது வேணும்னு எங்கிட்ட கேக்காதிய சார். ரெண்டும் எனக்கு வேண்டாம்." பூட்டு இருந்தது. ஆனால் எதையும் நேரே உலகத்துக்குச் சொல்லிவிடும் வேலையை அவள் நிறுத்தினாள். நம் நோயாளிகளின் பிள்ளைகள் இருக்கும் இடங்களில் இயந்திரம் எந்த முகவரியைச் சாத்தியிருந்தாலும், அதைக் காலையில் வந்ததும் தானே பார்த்து, விசாரித்துத் திறப்பாள். காபி குடிப்பது அதற்குப் பிறகுதான்.

அப்புறம் அந்தக் கறுப்பு போன். தூக்கிப்போட்ட பழைய சாமான்களிலிருந்து எடுத்துத் துடைத்து, தொலைபேசி ஆபீசுக்கு நடையாய் நடந்து, பழைய செம்புக் கம்பி லைன் ஒன்று வாங்கினாள். அதன் முன்னால் எந்த இயந்திரமும் கிடையாது. அதன் எண்ணை அட்டையில் அச்சடித்து, வெளிநாட்டில் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தாள். சாகுலுக்கும் தபாலில் ஒன்று போனது. பதில் வரவில்லை. போனை என் மேசையில் வைத்துவிட்டு, "யாரு என்னன்னு முதல்ல கேக்காதிய. இருக்கேன், சொல்லுங்கன்னு சொல்லுங்க. தட்டுனவனுக்கு ஆளு இருக்குன்னு தெரியட்டும்" என்றாள். வருகிற பாதி அழைப்பு ராங் நம்பர். சேலை விற்கிறவன்கூடக் கூப்பிடுவான். அவனிடமும் இருக்கேன், சொல்லுங்க என்பேன். அவள் மாடியில் இருந்து சிரிப்பாள்.

போன வருஷம் அவளுக்குக் கருப்பையில் புற்று என்று தெரிந்தது. நம் ஆஸ்பத்திரியிலேயே மருந்து ஏற்றினார்கள். முடி எல்லாம் கொட்டிவிட்டது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "முடிதான் போச்சு, பூட்டு பத்திரமா இருக்கு" என்பாள். பார்க்கப் போகும்போதெல்லாம், இன்றைக்குக் கறுப்பு போனில் யார் யார் பேசினார்கள் என்று கேட்பாள். சொல்வேன். சாகுல் பேரை அவள் சொன்னதே இல்லை. ஆனால் அவள் கேட்டது யாரை என்று எனக்குத் தெரியும். ஒருநாள் மனசு பொறுக்காமல், "நானே அவங்கிட்ட பேசட்டாட்டி?" என்றேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "கேட்டு வாங்குனா அது பொறுத்ததாகுமாக்கா? அட்டை அவன்ட்ட இருக்கு. தோணுனா கூப்பிடட்டும்" என்றாள். கடைசி மாதம் உவரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கிருந்தும் தம்பி போனில் என்னைப் பிடித்து அதே கேள்வி. அதே பதில்.

கில்பர்ட் போனை வைத்ததும் நான் பாத்திமாவுக்குச் சொன்னேன். வா என்று சொல்லவில்லை. இறந்துவிட்டாள் என்று மட்டும் சொன்னேன்.

உவரியில் மாதா கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது, கூட்டத்துக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி ஒன்று தெரிந்தது. சாகுல். அவன் போன வருஷமே ஊரோடு வந்து கடை வைத்துவிட்டான் என்று பாத்திமா சொல்லியிருந்தாள். ஒரு பஸ் மாறினால் வந்துவிடும் தூரம். ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்தார். பெட்டியை இறக்கக் கயிறு போட்டார்கள். அப்போது சாகுல் முன்னால் வந்து, "ஃபாதர், ஒரு வார்த்தை சொல்லிக்கிடட்டா?" என்றான். ஃபாதர் கில்பர்ட்டைப் பார்த்தார். கில்பர்ட் தலையசைத்தான்.

சாகுல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான். "எங்க அக்கா ரெஜினா, இங்கன நிக்குத யாருக்காவது பிழை செஞ்சிருந்தா, அல்லாவுக்காக, நீங்க கும்பிடுத ஆண்டவருக்காக, பொறுத்துக்கிடுங்க" என்றான். உவரியில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. மீன் கூடையோடு நின்ற ஒரு கிழவி, "பொறுத்தோம்யா" என்றாள். பிறகு எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

உம்மாவுக்குச் சொல்ல முடியாததை அவன் அவளுக்குச் சொன்னான். பெரிய மனசு. ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறது. எனக்கு மட்டும் இதை அவள் உயிரோடு கேட்கவில்லையே என்றுதான் இருந்தது. திரும்பும்போது அவன் என் பக்கத்தில் வந்து, சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் காட்டினான். முனையெல்லாம் மழுங்கியிருந்தது. "எத்தனையோ தடவ நம்பரைப் போட எடுத்தேன்க்கா" என்றான். "எடுத்தா பேச்சு வரமாட்டேங்குது. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்துட்டேன்." அவனைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "லைன் தெறந்துதான கெடந்துச்சு தம்பி" என்றேன். "ஆமாக்கா" என்றான். அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டான். கில்பர்ட் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ரெஜினாவின் சாமான்களில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று கில்பர்ட் சொன்னான். எனக்கு எதுவும் வேண்டாம். என்னிடம் அந்தக் கறுப்பு போன் இருக்கிறது. ஓய்வு பெறுகிற வரைக்கும் அதை யாரையும் எடுக்க விடமாட்டேன். அது அடித்தால் சீட்டுக் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எடுக்கிறேன். நான் எடுத்ததும் சிலர் பேச மாட்டார்கள். முன்பெல்லாம் கொஞ்சம் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். இப்போது வைப்பதில்லை. அந்தப் பக்கம் பேச்சு வராமல் யாராவது நிற்கலாம். "இருக்கேன், சொல்லுங்க" என்கிறேன். மறுபடியும், "இருக்கேன், சொல்லுங்க."